மேல்வீட்டுக் காற்று

பீரோவைத்தான் இறக்குகிறார்கள், கட்டிலாக இருந்தால் இப்படிச் சுவரில் இடிக்காது, கட்டிலைக் கழற்றிப் பலகை பலகையாகக் கொண்டுபோய்விடுவார்கள், இது பீரோதான் என்று ஆதிமூலம் நினைத்தார். நினைத்த கையோடு, பீரோவாக இருந்தால் என்ன, ஆட்டுக்கல்லாக இருந்தால் என்ன, மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள், போகட்டும், நமக்கு என்ன வந்தது என்று மடியில் கிடந்த டேப்லெட்டின் பக்கம் கண்ணைத் திருப்பினார். ஆனால் காது திரும்பவில்லை. காது மாடிப்படியிலேயே இருந்தது. "பாத்து, பாத்து, மூலை இடிக்குது" என்று ஒருவன் கத்தினான், கீழே தெருவில் வண்டிக்காரன் எதற்கோ ஹாரன் அடித்தான், அடுப்படியிலிருந்து புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு புளி கரைத்தாள் பிச்சம்மா, காலையில் பார்த்தபோது பெரிய வட்டாவில் கரைத்து வைத்திருந்தாளே, கேட்கவேண்டும் என்று நினைத்தார், கேட்கவில்லை. காலையில் ஓசூரிலிருந்து மகன் கருணாகரன் பேசியதுதான் நெஞ்சில் முள் மாதிரி நின்றது. அம்மாவுக்கு ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருக்கிறானாம், டிவிக்குப் பின்னால் சொருகவேண்டுமாம், பழைய பாட்டெல்லாம் பெரிய திரையிலேயே வருமாம். "சொருகினதும் வைஃபை பாஸ்வேர்டு கேக்கும்பா, டேப்லெட்ல சேவ் ஆகியிருக்கும், எடுத்துப் போட்டுருங்க" என்றான். "நம்ம வீட்ல ஏதுடா வைஃபை?" என்று இவர் கேட்டார். "பின்ன டேப்லெட் எதுல ஓடுது?" "நீதான மாசாமாசம் போனுக்குப் பணம் போடுற, அதுல ஓடுது." அவன் சிரித்தான். "அது போனுக்குப்பா. டேப்லெட்ல சிம்மே கிடையாது." அதற்குள் ராத்திரி ஷிப்டு முடிந்து அவன் திரும்புகிற கம்பெனி பஸ் வந்துவிட்டது, எங்கே தொடவேண்டும், அடுத்து எங்கே அழுத்தவேண்டும் என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சிம்மே கிடையாது. பின்ன எதுல ஓடுது. இத்தனை நாளும் போனை டேப்லெட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, மேசைமேல் வைத்துக்கொண்டு வந்தாரே, பக்கத்தில் இருந்தால்தான் ஊறும், தள்ளி வைத்தால் வேகம் குறையும் என்று பிச்சம்மாவிடம்கூடக் கண்டித்துச் சொல்லியிருக்கிறாரே. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கிணற்றில் ஊறுகிறதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று யாரும் சொல்லித்தராமல் அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். மாநகராட்சியில் வால்வு திறக்கிற வேலை பார்த்தவர், தெருத்தெருவாய் எந்தக் குழாய் எதிலிருந்து பிரிகிறது என்று மண்ணுக்கு மேலேயே நின்று சொல்லக்கூடியவர், தன் வீட்டு மேசைமேல் ஓடுவது எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாள் கேட்டாரா?

மகன் சொன்ன இடத்தைத் தொட்டார். வரிசையாய் என்னென்னவோ வந்தது, விசிறி மாதிரி ஒரு படத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு பெயர், அதற்குக் கீழே தமிழில் 'இணைக்கப்பட்டது' என்று இருந்தது. இங்கிலீஷை அவர் ஒவ்வொரு எழுத்தாகத்தான் பொறுக்குவார், பஸ் போர்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் அது போதும். ஜி. யூ. ஆர். யூ. குரு. அடுத்த எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. குருநாதன். மேல்வீட்டுக் குருநாதன். தலைக்கு மேலே, இந்தக் கூரைக்கு அந்தப் பக்கம், இப்போது பீரோவை இறக்கிக்கொண்டிருக்கிற குருநாதன். ஆதிமூலம் டேப்லெட்டைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தார், யாரோ எட்டிப் பார்த்த மாதிரி. பிறகு நிமிர்த்தினார், பெயர் மாறவில்லை. இது எப்படி, யார் இதை, என்று கேட்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. டேப்லெட் வந்த புதிதில், சண்டைக்கெல்லாம் முன்னால், குருநாதனுடைய வீட்டுக்காரி ஜோதிமணி ஒரு மத்தியானம் கீழே வந்திருந்தாள், இவர் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார், கூடத்தில் இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "காத்துதானக்கா, எங்க வீட்டுல வீசுறது உங்க வீட்டுலயும் வீசட்டும்" என்று ஜோதிமணி சொன்னாள். ஜன்னலைப் பற்றித்தான் என்னவோ பேசுகிறார்கள் என்று நினைத்து இவர் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். அப்படியானால் அன்றிலிருந்தா? சண்டைக்குப் பிறகுமா? பிச்சம்மா தினமும் விளக்கு வைத்தபிறகு கேட்கிற பாட்டு, ஞாயிற்றுக்கிழமை கருணா முகத்தைக் காட்டிப் பேசுவது, பேசும்போது இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வது, எல்லாம் அந்த வீட்டுக் காற்றா? இருக்கட்டும், இருக்கட்டும், பதறவேண்டாம். வேலையில் இருந்தபோதும் இப்படி ஒன்று நடந்ததுண்டு. ஒரு வீட்டுக்கு இணைப்பை வெட்டிவிட்டு வந்தபிறகும் மண்ணுக்குள் இருந்த பழைய குழாய்க்கு மூடி போட மறந்துபோய், அந்த வீட்டுக்காரர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், யார்மேலும் தப்பில்லை, மறதி. இதுவும் அப்படித்தான். அவர்கள் மூட மறந்திருப்பார்கள். நமக்குத் தெரியாது. தெரியாமல் குடித்தால் குடித்ததாகுமா? ஆகாது என்று சொல்லிக்கொண்டார். ஆகாது என்று சொன்ன சொல் அவருக்குள்ளேயே இறங்கவில்லை.

ஏனென்றால் அவர் அப்படித்தானே சொன்னார். பச்சைத்தண்ணீர்கூட வேண்டாம் என்றுதானே சொன்னார். போன வருஷம் சித்திரை வெயில், மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட ஒழுங்காய் வராத சமயம். ஆறு வீடுகள் இருக்கிற கட்டிடத்தில் தண்ணீர் விஷயத்தை ஆதிமூலம் அண்ணனே பார்க்கட்டும், அவருக்குத்தான் அந்தத் தொழில் தெரியும் என்று எல்லோருமாய்ச் சேர்ந்து ஒப்படைத்திருந்தார்கள். மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு வால்வு, இவர் முறை வைத்துத் திறந்து முறை வைத்து மூடுவார், ஒருவருக்கும் ஒரு குடம் கூடாது, ஒருவருக்கும் ஒரு குடம் குறையாது. ஒரு விடியற்காலை படுத்திருந்தபடியே குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. தூக்கத்திலும் அவருக்கு அந்தச் சத்தம் தெரியும், பெற்ற பிள்ளை இருமுகிற மாதிரி. மேலே போய்ப் பார்த்தால் குருநாதன் வீட்டு வால்வு கால்வாசி திறந்திருந்தது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். இவர் நேரே போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். ஒருவர் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்பது என்றால் சின்ன வயதிலிருந்தே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூச்சம்தான் கூட்டத்தில் வேறு விதமாய் வெடித்தது. ஆறு வீட்டுக்காரர்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, யாருடைய முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, "ரெண்டாவது மாடியில தண்ணி திருடுறாக" என்றார். திருடுறாக. வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? கூடுதலாய்ப் போகிறது என்று சொல்லியிருக்கலாம், வால்வு திறந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். குருநாதன் எழுந்து நின்றான், வாயைத் திறந்தான், பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள், உடனே அவன் உட்கார்ந்துவிட்டான். "ஆமாண்ணே, நான்தான் திறந்தேன்" என்றான், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் இவருக்கு இன்னும் கோபம். மறுநாள் ஜோதிமணி ஒரு சொம்பு மோரோடு வந்து வாசலில் நின்றபோது, "இனிமே உங்க வீட்டுப் பச்சத்தண்ணிகூட எங்க தொண்டையில எறங்காது, கொண்டு போங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார். அவள் மோரைக் கொட்டவில்லை, அழவில்லை, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். அந்தக் காட்சியைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். இப்போதும் பார்க்கிறார். காரணம் பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அவர்கள் மகள் உண்டாகி வந்திருந்தாள், ஏற்கனவே ஒன்று கலைந்துபோன பெண், எந்நேரமும் வாந்தி, படுக்கைத்துணியை நாளைக்கு மூன்று தரம் அலசவேண்டியிருந்தது. மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று இருந்துவிட்டார்கள், ஒரு தரம் சொல்லித்தானே கண் பட்டுப்போயிற்று என்று பயம். அந்த பயத்துக்காகத் திருட்டுப்பட்டத்தை ஆறு வீட்டுக்கு முன்னால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான் குருநாதன். தெரிந்தபிறகாவது இவர் போயிருக்கலாம். தெரிந்தபிறகுதான் போகவே முடியவில்லை. திறந்தது திறந்ததுதானே, முறை முறைதானே என்று ஒரு மனம் சொல்லும், அந்த மனம் சொல்வதும் பொய்யில்லை, அதுதான் தொந்தரவு. கார்த்திகையில் பேரன் பிறந்தான், பேர் வைக்கக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள், இவர் போகவில்லை. பிச்சம்மாவும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். மாடிப்படியில் எதிரே வந்தால் இவர் செருப்பைப் பார்ப்பார், குருநாதன் சாவியைப் பார்ப்பான். இப்படியே ஆடி வந்து, ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் பேரனையும் எடுத்துக்கொண்டு மகள் ஊரான திருப்பூருக்கே போகிறார்கள்.

இப்போது என்ன இறக்குகிறார்கள், கண்ணாடிச் சத்தம், சாமான்கள் தீரப்போகின்றன. சீக்கிரம் வைஃபை வருகிற பெட்டியையும் கழற்றுவார்கள், கழற்றினால் இங்கே டேப்லெட்டில் விசிறி அணைந்துபோகும், அதோடு தெரியாமல் குடித்தது தெரியாமலே முடிந்துவிடும். அது நல்லதுதானே? டேப்லெட்டில் ஒரு பக்கம் 'பகிர்' என்றும் இன்னொரு பக்கம் 'மறந்துவிடு' என்றும் இருந்தது. மறந்துவிடு என்பதைத் தொட்டால் இப்போதே முடிந்துவிடும், அவர்கள் கழற்றுவதற்கு முன்னாலேயே நாமாகக் கையை எடுத்துக்கொண்டதாகிவிடும், கௌரவம். விரலை அங்கே கொண்டுபோனார். தொடவில்லை. அவர் எதையும் பாதியில் விட்டுப் பழகியவரில்லை, மூடுவதற்கு முன்னால் குழாயில் என்ன ஓடுகிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். பார்க்காமல் மூடினால் மகனுக்கு என்ன பதில் சொல்வது? பகிர் என்பதைத் தொட்டார். பூட்டு எண் கேட்டது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்றாலும் இடது கையால் மறைத்துக்கொண்டு போட்டார். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பொடிப்பொடிக் கட்டங்களால் ஒரு சதுரம் வந்தது, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, மகன் கேட்ட பாஸ்வேர்டு. கண்ணாடியைத் துடைத்தார். எம். ஏ. ஜி. ஐ. மாகியா, மகியா? மேலே யாரோ எதையோ தரையில் இழுத்தார்கள், தலைக்குள்ளேயே இழுக்கிற மாதிரி இருந்தது. இசட். ஹெச். இசட்டும் ஹெச்சும் சேர்ந்து வந்தால் 'ழ', தமிழ்ப் பேர்களை இங்கிலீஷில் எழுதும்போது அப்படித்தான் எழுதுகிறார்கள், பஸ் போர்டில் பார்த்துப் பார்த்துத் தெரியும். ஏ. என். மகிழன். அதற்குப் பிறகு ஒன்று இரண்டு மூன்று. மகிழன், மகிழன், யார் மகிழன், என்று உதடு அசைத்தவர் அப்படியே நிறுத்தினார். மாடியில் அந்தப் பையன் தவழ்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், "மகிழா, படிக்குப் போகாத, மகிழா" என்று ஜோதிமணி கத்துவாளே, அந்த மகிழன். கார்த்திகையில் பிறந்தவன். சண்டை சித்திரையில். சண்டைக்கு முன்னால் ஒரு மத்தியானம் இறங்கி வந்த ஜோதிமணி போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டில் இந்தப் பேர் எப்படி இருக்கும்? இருக்க முடியாது. அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். பேரன் பிறந்த சந்தோஷத்தில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால் கீழே டேப்லெட் ஓடாமல் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் மாற்றியதை யாரோ இங்கே, இந்த வீட்டுக்குள், இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மறுபடியும் போட்டிருக்கிறார்கள். மூட மறந்த குழாயில்லை இது. கொண்டுவந்து மாட்டிய குழாய். ஆதிமூலம் அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே பிச்சம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது, வட்டாவில் சோற்றைப் பரப்பி ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். இந்த முதுகை எத்தனை வருஷமாய்ப் பார்க்கிறார், இதில் ஒன்றுமே எழுதியிருக்காது என்றல்லவா நினைத்திருந்தார்.

"பிச்சம்மா" என்றார். "இந்த டேப்லெட்ட யாராச்சும் தொட்டாகளா?" "தொட்டா தேஞ்சா போகும்?" என்றாள் திரும்பாமல். "இதுல மகிழன்னு போட்டிருக்கு." கரண்டி ஒரு நொடி நின்றது, பிறகு சோற்றைக் கிளறியது. "பேரு நல்லாத்தான வச்சிருக்காக" என்றாள். அவருக்குக் கோபம் வரவேண்டும், வருமென்று காத்திருந்தார், அது எங்கேயோ அடைத்துக்கொண்டு வரவில்லை. "யாரு போட்டா?" "யாரு போடுவா, ஜோதிதான். அவுக நம்பர மாத்தினாக, இங்க கருணா மொகம் நின்னுபோச்சு. நீங்க டவுனுக்குப் போயிருந்தீக. நான் சொல்ல மேல போனேன், வந்து போட்டுட்டுப் போனா." "எங்கிட்டச் சொல்லல." "சொன்னா அதையும் மூடிட்டு வந்திருப்பீக." அவள் புளிக்காய்ச்சலைச் சோற்றில் ஊற்றினாள், நல்லெண்ணெய் வாசனை கூடமெங்கும் எழுந்தது. "அவருக்கு? குருநாதனுக்குத் தெரியுமா?" "நல்லாக் கேட்டீக. மாத்தினதே அவருதான். மாத்தின கையோட, கீழ அக்காகிட்டச் சொல்லிரு, பாவம் பாட்டு நின்னுரும்னு சொல்லி அனுப்பினதும் அவருதான். நான் போறதுக்குள்ள இவ பாதிப் படி எறங்கி வந்துட்டா." பாதிப் படி. இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு ஏறுகிற அதே படி. அப்படியானால் அவன் சாவியைப் பார்த்தது கோபத்தில் இல்லையா? இவர் ஒவ்வொரு தரமும் செருப்பைப் பார்த்தபோது, இவர் மனைவி என்ன பாட்டு கேட்கிறாள், எந்நேரம் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை, ஒரு கனைப்பு, உங்கள் வீட்டில் ஓடுவது எங்கள் வீட்டுக் காற்று என்று ஒரு பார்வைகூடக் காட்டாமல். ஆறு வீட்டுக்கு முன்னால் இவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவன் திருப்பிச் சொல்லியிருக்கலாமே, சொல்ல எல்லா நியாயமும் இருந்ததே. டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். போகாமல் இருந்துவிடலாம், இன்னும் கொஞ்ச நேரம்தான், வண்டி போய்விட்டால் பிறகு யாரும் யாரையும் பார்க்கவேண்டியதில்லை, திருப்பூர் எங்கே மதுரை எங்கே. போய்த்தான் என்ன சொல்வது? மன்னிப்பு என்று சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும், அந்த வார்த்தையை அவர் வாய் பழகியதேயில்லை. முறை முறைதான் என்று சொன்னால் மறுபடியும் சண்டை. சும்மா போய் நின்றால் என்னவென்று கேட்பார்கள். மேலே ஜோதிமணியின் குரல், "அதத் தொடாதீங்கப்பா, அது கடைசியா" என்று யாரிடமோ. பிச்சம்மா தூக்குச்சட்டியை மூடி, கொக்கியை மாட்டி, அதன் வெளிப்புறத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள். "வழிக்குக் கட்டுச்சோறு. சுடும், வளையத்தப் பிடிங்க." "நீ போகலியா?" "நான் தெனம் போறவதான். நீங்க போங்க."

தூக்குச்சட்டி கனத்தது. படியில் சாமான் தூக்குகிறவன் ஒருவன் தலையணை மூட்டையோடு எதிரே வந்து, "பெரியவரே, ஒதுங்கிக்கங்க" என்றான். ஒதுங்கினார், ஒதுங்கியதே திரும்பிப் போக ஒரு சாக்கு மாதிரி இருந்தது, அவன் இறங்கிப் போனபிறகும் சுவரோடு ஒட்டி நின்றார். சுவரில் பீரோ இடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்லலாம், பூசவேண்டும் என்று, சீச்சீ, இதையா சொல்வது. கதவு திறந்திருந்தது. சாமான் இல்லாத வீடு இவ்வளவு பெரிதா? தன் வீட்டுக்கு நேர் மேலே, அதே கூடம், அதே ஜன்னல், பீரோ இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் ஆள் உயரத்துக்கு நிறமாய் நின்றது. ஒரே ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்குப் பக்கத்தில் குருநாதன், அவன் தலைக்கு மேலே சுவரில் அந்தப் பெட்டி, இரண்டு பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. வீட்டில் மிச்சம் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். ஜோதிமணி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். "அண்ணே" என்றாள். குருநாதன் முதலில் இவர் முகத்தைப் பார்த்தான், பிறகு தூக்குச்சட்டியைப் பார்த்தான், பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். "கீழ அக்கா பேசி முடிச்சிட்டாகளாண்ணே? இன்னிக்கு ஞாயித்துக்கெழம, கருணா பத்து மணிக்கு மேல பேசுவான்னு ஜோதி சொன்னா. அதான் இத மட்டும் கழட்டாம வச்சிருக்கேன்." வாயில் வரிசை கட்டி நின்ற வார்த்தைகளெல்லாம், முறை, வால்வு, சுண்ணாம்பு, எல்லாம் ஒரே மூச்சில் எங்கேயோ இறங்கிப்போயின. ஆதிமூலம் தூக்குச்சட்டியை ஸ்டூலின்மேல் வைத்தார். கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

குழந்தை இவருடைய கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டியது. "எங்க வீட்டுத் தண்ணியா?" என்று கேட்டான் குருநாதன், கேலியாகத்தான் கேட்க நினைத்திருப்பான், பாதியில் குரல் மாறிவிட்டது. "ஆமா, உங்க வீட்டுத் தண்ணிதான்" என்றார் ஆதிமூலம், முதல் தடவையாக முகத்தைப் பார்த்து. ஜோதிமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். "சொம்பு, டம்ளர், கேன் எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டோமேண்ணே. இருங்க, கீழ ஓடிப்போய்..." "எதுக்கு ஓடணும்? குழாயில வருதுல்ல." அடுப்படிக்குள் போனார். மேடையில் அடுப்பு இருந்த தடம் வட்டமாய்த் தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே குனிந்து இரண்டு கையையும் குழித்து வைத்துக்கொண்டார், பந்தியில் கடைசியாய் உட்கார்ந்தவன் மாதிரி. ஜோதிமணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குழாயைத் திறந்தாள். மொட்டைமாடியில் வெயில் குடித்த தண்ணீர், வெதுவெதுவென்று, கொஞ்சம் தொட்டி வாடையோடு, அவரே நேற்று முறை வைத்துத் திறந்துவிட்ட தண்ணீர் அவர் கைக்குள் விழுந்தது. குடித்தார். மணிக்கட்டு வழியாய் ஒழுகி முழங்கையில் சட்டை நனைந்தது. குழந்தை எக்கிக் கையை நீட்டித் தண்ணீரை அடித்தது, கண்ணாடியெல்லாம் துளி. "டேய் மகிழா" என்று ஜோதிமணி அதட்டினாள், அதட்டுகிற குரலாக இல்லை. கூடத்தில் குருநாதன் ஸ்டூலிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பெட்டியைக் கழற்ற ஸ்டூலில் ஏறுகிற சத்தம் கேட்கவில்லை.

"போதுமாண்ணே?" என்றாள்.

ஆதிமூலம் குழித்த கையை எடுக்காமல் தலையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம்.